ரொட்டிக்காரர் தலைமாட்டில் கேட்ட சத்தம்

என் தம்பி பொண்டாட்டியை நான் எறும்பு என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் தன்னைவிடப் பெரிய சாமானை இழுத்துக்கொண்டு போவதும், வழியில் கையை வைத்து மறித்தால் சுற்றிக்கொண்டு அதே வழிக்கு வந்து சேர்வதும் வேறு எந்த ஜீவனுக்கு உண்டு? கத்தி செய்கிற மெஷின் ஒன்று வாங்கினாளே, அதன் மோட்டாரைக்கூட அவளேதான் தள்ளுவண்டியில் வைத்துத் தெருக்கோடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன், அதாவது லாரி ஓட்டுகிற என் தம்பி, நாளைக்கு வந்து தூக்கித் தருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிப்பதற்குள் மோட்டார் பின்னறைக்குள் வந்துவிட்டது.

நான் அப்போதே சொன்னேன், இது சரிப்பட்டு வராது என்று. யார் கேட்டார்கள்? இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு வேளாவேளைக்கு வரும், மாத்திரை வரும், வெந்நீர் ஒத்தடம் வரும். என் பேச்சுக்கு மட்டும் ஒரு மரியாதையும் வராது.

முதலில் அவள் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எறும்பு ஒரு பெரிய விடுதியின் சமையல்கூடத்தில் காய் நறுக்குகிறவளாக இருந்தாள். அங்கே கொடுப்பதெல்லாம் பிடி வழுக்குகிற மட்டமான கத்தி. ஒரு நாள் ஈரக் கையோடு பூசணியை அழுத்தியபோது பிடி திரும்பி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள், புண் ஆறியது. ஆனால் வலது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் அதன் பிறகு மடங்கவே இல்லை. வேகமாக நறுக்க முடியாதவளைப் பாத்திரம் தேய்க்கப் போட்டார்கள், அப்புறம் ஒரேயடியாகக் கைகழுவி விட்டார்கள். கொஞ்ச காலம் அந்தக் கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

பிறகு ஒரு நாள் களிமண்ணைப் பிசைந்து அந்தக் கையாலேயே ஓர் அழுத்து அழுத்தினாள். மடங்குகிற மூன்று விரல் பதிந்த இடம் பள்ளமாக, மடங்காத இரண்டு விரல் சும்மா கிடந்த இடம் மேடாக, ஒரு கோணல்மாணல் உருண்டை வந்தது. அதே உருவத்தில் மரத்தைச் செதுக்கி ஒரு பழைய கத்திக்குப் பிடியாகப் போட்டாள். அந்தக் கத்தி அவள் கையில் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, பழைய சமையல்கூடத்தில் மூட்டு வீங்கிப்போன ஒருத்தி தனக்கும் கேட்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. இப்போது பின்னறை ஜன்னல் கட்டை முழுக்கக் களிமண் உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒருத்தரின் பிடி. எது யாருடையது என்று எழுதி வைக்க மாட்டாள். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். எனக்காகவும் ஒரு உருண்டையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். காலமெல்லாம் கத்தரிக்கோல் பிடித்துத் தைத்த விரல்களம்மா இவை, எனக்கு ஒரு கத்தியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிடி மட்டும் போதாது, கத்தியையே செய்ய வேண்டும் என்று ஆரம்பித்ததும்தான் மெஷின் வந்தது. பெல்ட் கிரைண்டர் என்று பெயர். சக்கரங்களின் மேல் உப்புத்தாள் பட்டை ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் இரும்பை அழுத்தினால் தீப்பொறி பறக்கும், இரும்பு தேய்ந்து கத்தியாகும். தம்பி கொண்டுவந்து போட்ட பழைய லாரி ஸ்பிரிங்தான் இரும்பு. அதைக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் தருவது பட்டறைக்காரர், மற்ற எல்லாமே இவள்தான். மெஷின் மேசை ஆடுகிறது என்று, என் தம்பி ஒரு நடைக்கு வந்தபோது நாலு நீளமான போல்ட் போட்டு அதைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டுப் போனான். இனி பூமியே ஆடினாலும் இது ஆடாது என்று ஒரு பெருமை வேறு.

சத்தமா, அதைக் கேட்காதீர்கள். மோட்டார் ஊளையிடும், பட்டை சீறும், இரும்பு பட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பிக் கடைவாய்ப் பல்லில் போய் நிற்கும். எறும்பு பெரிதாக ஒரு காதுமூடி மாட்டிக்கொள்வாள். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தாள். அதை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தால் விமானம் ஓட்டப் போகிறவள் மாதிரி இருந்தேன். பக்கத்து வீட்டு ரொட்டிக்காரருக்குத்தான் யாரும் காதுமூடி வாங்கித் தரவில்லை.

எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டவை. ரெண்டும் ஒரே வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தம். ரொட்டிக்காரர் தனி ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஊர் எழுந்திருப்பதற்கு முன்பே மாவு பிசையப் போவார். ஊர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறபோது வந்து படுப்பார். எறும்புக்கோ காலையில் ஓர் ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் வேலை. கத்தி இன்னும் சோறு போடுகிற நிலைக்கு வரவில்லை, அதனால் துடைப்பத்தை விட முடியாது. இருட்டிய பிறகு மெஷின் ஓடக் கூடாது என்பது வீட்டுக்காரம்மா கட்டளை. பட்டறைத் தெருவில் கொட்டகை எடுக்கலாம் என்றால், நாள் முழுக்க என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டாளாம். நான் என்ன கைக்குழந்தையா என்று கத்திப் பார்த்தேன். சட்டை செய்யவில்லை. ஆக, அவள் வேலை செய்ய இருந்தது மதியம் மட்டும். அவர் தூங்க இருந்ததும் அதே மதியம்தான்.

முதல் தடவை, புருவத்தில் மாவோடு வாசலில் வந்து நின்று, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நிறுத்தினாள். அப்புறம் சுவரில் தட்ட ஆரம்பித்தார். காதுமூடிக்குள் இருப்பவளுக்கு அது எங்கே கேட்கும்? நான்தான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய் அவள் முதுகில் குத்திச் சொல்ல வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அடுப்படியில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாராம். ரொட்டி அடுப்பின் சூடான இரும்புக் கதவின் மேல் கை சாய்ந்துவிட்டது. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. "தூக்கம் பத்தலம்மா, அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

விஷயம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போனது. அந்த அம்மாவுக்கு வெல்லம் தடவிப் பேசத் தெரியாது. முன்னறையில் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அவர் வாயால சரின்னு வரணும். வரலேன்னா மெஷின் வெளியே. மெஷின் போகலேன்னா நீங்க வெளியே."

அன்று சாயங்காலம் எறும்பு சாப்பிடவில்லை. மடங்காத விரலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நல்லதுக்குத்தான், அந்தச் சனியனை விற்றுத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இரு என்றேன் நான். தம்பியும் போனில் அதையேதான் சொன்னான். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"என் கை போனப்ப யாருமே ஏன்னு கேக்கல அக்கா. அவர் கை என்னால வெந்திருக்கு. அவரும் தூங்கணும், நானும் வேலை செய்யணும். ரெண்டும் நடக்கணும்."

அது எப்படி நடக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்கிற முகமா அது? பிடித்தால் விடமாட்டேன் என்கிற முகம்.

அடுத்த நாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். கடை கடையாக ஏறி முட்டை அடுக்குகிற அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினாள். கோழிப்பண்ணைக்குள் குடி வந்ததுபோல் இருந்தது. பட்டையின் ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தாள். வேலை ரெண்டு மடங்கு நேரம் இழுத்தது, தட்டல் நிற்கவில்லை. அடுத்து மெஷினுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்தி வைத்தாள். யாருடைய மெத்தை? என்னுடைய மெத்தை. வெயிலில் காயப் போடுகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள், மகராசி. தீப்பொறி போய்ப் பஞ்சில் உட்கார்ந்து, உள்ளுக்குள்ளேயே கனிந்து, கருகல் வாடை முன்னறைக்கு வந்தபோது நான் அடுப்பில்தான் ஏதோ தீய்கிறது என்று நினைத்தேன். தண்ணீரை ஊற்றி அணைத்தாள். பாதி வெந்த மெத்தை முற்றத்தில் கிடந்தது. அன்று நான் வாய்க்கு வந்தபடி திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மோட்டாருக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்தால் என்ன என்று என்னிடமே யோசனை கேட்டாள்.

பெட்டியும் அடித்தாள். காற்று போகாமல் மோட்டார் சூடேறி நாற்றமெடுத்தது. பெட்டியில் ஓட்டை போட்டு ஒரு சின்ன மின்விசிறி வைத்தாள். அது கிடந்து தனியாக ஒரு இரைச்சல் போட்டது. அதையும் கழற்றி, துணி சுற்றி, திருப்பி மாட்டி, ஒரு வழியாக அடக்கினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முன்னறையில் நான் காதுமூடி இல்லாமல் ரேடியோ கேட்டேன். வேலை முடிந்தது என்றுதான் ரெண்டு பேரும் நினைத்தோம்.

சந்தோஷமாகப் போய் ரொட்டிக்காரரிடம் கேட்டாள். குறையவே இல்லை என்றார் அவர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆள் வேண்டுமென்றே சொல்கிறார், மெஷினைத் துரத்தாமல் விடமாட்டார், எல்லாம் நெஞ்சழுத்தம் என்றேன். எறும்பு எழுந்தாள். பின்னறைக்குப் போய் மெஷினை ஓடவிட்டு, காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது.

"அவர் பொய் சொல்லல அக்கா. நான் இத்தனை நாளும் எனக்குக் கேக்கற சத்தத்தைத்தான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதுலயும் காதை வேற மூடிக்கிட்டு. அவருக்கு என்ன கேக்குதுன்னு நான் பாக்கவே இல்ல."

அப்புறம் அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அந்தப் பக்கம் போய்க் கேட்க வேண்டும், அதுவரைக்கும் இங்கே மெஷினை ஓட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தானாம். இடுப்பொடிந்த கிழவி கிடைத்தேனா உனக்கு என்றேன். உட்கார்ந்துகொண்டு ஓட்டலாம் என்றாள். தையல் மெஷின் ஓட்டின கைதானே என்றாள். அந்த இடத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தையல் மெஷின் என்றால் இதைவிட வேகமாக ஓட்டியிருக்கிறேன் என்று பெருமையடித்துவிட்டேன்.

என் நாற்காலியை மெஷின் முன்னால் போட்டு, கூந்தலைச் சுற்றிக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மூடி, காதுக்கு மூடி எல்லாம் மாட்டிவிட்டாள். உதவாத இரும்புத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே விரலை வைக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் போனதும் விசையைப் போட்டேன். இரும்பு பட்டதும் பொறி பறந்தது பாருங்கள், என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். துண்டு பாதியாகத் தேய்கிற வரை விடவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். முதலில் அறை நடுவே நின்று கேட்டிருக்கிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை. படுத்தால் உங்கள் தலை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள். தள்ளிப் போட வேறு இடமில்லாமல் சுவரை ஒட்டிப் போட்டிருந்த இரும்புக் கட்டிலை ரொட்டிக்காரர் காட்டியிருக்கிறார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல் அதில் ஏறிப் படுத்துவிட்டாள். மனுஷன் பதறிப்போய், கதவை விரியத் திறந்து போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றிருக்கிறார். தெருவே பார்த்தது. வேறு யாராவது வத்தி வைப்பதற்கு முன்னால் நானே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், உன் பொண்டாட்டி பக்கத்து வீட்டுக் கட்டிலில் படுத்துச் சத்தம் கேட்கிறாள் என்று. லாரியை ஓரம் கட்டுகிறேன் இரு என்றான். அப்புறம், கேட்டுதாமா என்றான்.

கேட்டது. திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் சத்தமே அங்கே இல்லையாம். டக் டக் டக் என்று ஒன்று மட்டும், விடாமல், கட்டில் கம்பி வழியாக வருகிறதாம். காதால் கேட்கிற சத்தமாகவே தெரியவில்லை, மண்டைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். "எப்படி அக்கா அந்த மனுஷன் இதுல படுத்திருந்தாரு" என்று கேட்டாள். எனக்கு நான் சொன்ன நெஞ்சழுத்தம் ஞாபகம் வந்து ஒரு மாதிரியாகிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உப்புத்தாள் பட்டையின் ரெண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கிற இடம் தடிப்பாக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தடிப்பு, பட்டைக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் இடிக்கும். தகட்டிலிருந்து மேசை, மேசையிலிருந்து என் தம்பி பெருமையாகப் போட்ட நாலு போல்ட், போல்ட்டிலிருந்து சுவர், சுவரிலிருந்து கட்டில். பூமியே ஆடினாலும் ஆடாது என்றானே, மேசை ஆடவில்லைதான். ரொட்டிக்காரர் தலைதான் ஆடியிருக்கிறது.

நான் தையல் மெஷினை மாடியில் வைத்துத் தைத்த காலத்தில், கீழ்வீட்டுக்காரி கூரை இடிகிறது என்று சண்டைக்கு வருவாள். மெஷின் காலுக்கு அடியில் மடித்த கம்பளியை வைத்த பிறகுதான் வாயை மூடினாள். சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் இதைச் சொன்னேன். எறும்பு அப்படியே எழுந்து போய், தம்பியின் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற சேறு மறைக்கும் ரப்பர் பழசு கிடந்ததே, அதை இழுத்து வந்து துண்டு போட ஆரம்பித்தாள்.

போல்ட்டைக் கழற்ற முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். அறுத்தே எடுத்தாள். மேசையைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி இழுத்து, காலுக்கு அடியில் ரப்பரை அடுக்கி வைத்தாள். முனைகள் ஏறாமல் நேருக்கு நேர் ஒட்டி, பின்னால் மெல்லிய நாடா போட்ட பட்டை எங்கே கிடைக்கும் என்று பட்டறைக்காரரைக் குடைந்து எடுத்து வாங்கிவந்தாள். போய்ப் படுத்துக் கேட்டாள். டக் டக் குறைந்திருந்தது. ஆனால் சுவரின் பிடி போனதும் மேசை ஆடியது. ஆடுகிற மேசையில் கத்தி எப்படி நேராக வரும்? மூட்டு வீங்கிப்போனவளுக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்த கத்தி, வாய் முழுக்க அலை அலையாக நின்றது. அதைப் பழைய இரும்புக் கூடையில் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மேசைக்கால் எல்லாம் உள்ளே பொள்ளல் குழாய்தானே அக்கா என்றாள்.

தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் கேட்டு வாங்கினாள். ஈர மணல் துருவேற்றும் என்று அதைச் சமையல் சட்டியில் போட்டு வறுத்தாள். என் பல்லில் மணல் கடிபட்டால் தெரியும் சேதி என்று எச்சரித்து வைத்தேன். வறுத்த மணலைக் குழாய்க்கால்களில் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினாள். கீழே ஒரு கனத்த சிமெண்டுப் பலகையைப் போட்டு, அதன் மேல் ரப்பரும், ரப்பர் மேல் மேசையும் வைத்தாள். பட்டை இடிக்காமல் வழுக்கிப் போகத் தகட்டின் மேல் ஒரு வழவழப்பான துணியை ஒட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நான் நாற்காலியில் ஏறி மெஷினை ஓட்ட, அவள் ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துக் கேட்டுவிட்டு வருவாள். ரொட்டிக்காரருக்கும் பழகிவிட்டது. இவள் வருகிற நேரத்துக்குப் படுக்கை விரிப்பை உதறிச் சுத்தமாகப் போட்டுவிட்டு, தெருவில் போய் நின்றுகொள்வார். இப்போது எப்படியிருக்கிறது என்று இவள் கேட்டால், தங்கச்சி நீங்க சொல்லுங்க, எனக்கு அந்தச் சத்தம் தலைக்குள்ளயே உக்காந்துடுச்சு, நிஜமா கேக்குதா, நினைப்பான்னே தெரியல என்றாராம்.

மாசக் கடைசியும் வந்தது. அவர் வாயிலிருந்து சரி என்ற சொல் இன்னும் வரவில்லை.

அன்று மதியம் சொன்னபடி வீட்டுக்காரம்மா வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். ரொட்டிக்காரர் வேலையிலிருந்து வந்து, வழக்கம்போலப் படுத்துக்கொள்கிறேன், சத்தம் தொந்தரவு செய்தால் சுவரில் தட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மெதுவாக ஓட்டி, மெல்லிசு இரும்பாகத் தேய்த்துச் சமாளித்துவிடு என்று நான் எறும்பின் காதில் ஓதினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னிக்கு ஏமாத்திட்டு நாளைக்கு என்ன அக்கா செய்யறது? இருக்கறதுலயே மோசமான சத்தம் எதுவோ அதைத்தான் இன்னிக்குப் போடணும்."

சொன்னபடியே செய்தாள். புதுப் பட்டை, அதிலும் முரட்டுப் பட்டையாகப் பார்த்து மாட்டினாள். தடித்த லாரி ஸ்பிரிங்கை எடுத்தாள். காதுமூடியை மட்டும் கழற்றிவிட்டு, பஞ்சு கொஞ்சமாக வைத்துக்கொண்டாள், தட்டினால் கேட்க வேண்டும் என்று. மெஷின் ஓட ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மாவும் நானும் முன்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எந்த நிமிஷம் தட்டு விழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இந்த மெஷின் போனால் அவளுக்கு மிஞ்சுவது துடைப்பம்தான். மடங்காத விரலோடு துடைப்பத்தைப் பிடித்துப் பிடித்து அவள் தோள் வரைக்கும் வீங்கிக்கொண்டு வருவதை ஒத்தடம் வாங்குகிற நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஒத்தடம் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

தட்டு விழவில்லை. வீட்டுக்காரம்மாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் பின்னறையை எட்டிப் பார்த்தாள், ஜன்னல் கட்டையில் இருந்த உருண்டைகளைப் பார்த்தாள், எனக்கென்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த களிமண்ணை எடுத்துவந்து பேசிக்கொண்டே பிசைந்து பிசைந்து அழுத்தினாள். நான் வேண்டாம் என்று சொன்ன உருண்டைதான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நேரம் போகப் போக அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நேரமாகவா ஒரு மனுஷன் தட்டாமல் இருப்பான், ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்றாள். ரெண்டு பேரும் போய் அவர் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. என் கைத்தடியால் ஓங்கித் தட்டினேன். அப்போதும் இல்லை.

"ஆளே இல்ல. பின்பக்கமா எழுந்து போயிட்டாரு போலிருக்கு. அவர் சொல்லாம நான் எதையும் ஏத்துக்க முடியாதும்மா" என்றாள் வீட்டுக்காரம்மா.

இந்தச் சத்தத்தில் இருக்க முடியாமல், முகத்துக்கு நேரே சொல்லவும் மனசில்லாமல், மனுஷன் ரொட்டிக் கடைக்கே மாவு மூட்டை மேல் படுக்கப் போய்விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பின்னறைக்குப் போய் எறும்பிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். பின்பக்கமாகப் போகிற ஆள் இல்லை அவர், தட்டுகிற வரைக்கும் நிறுத்தமாட்டேன் என்றாள். பட்டை தேய்ந்து வழவழப்பானதும் இன்னொரு முரட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி இரும்பை எடுத்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் நிறுத்தினாள். நெற்றியிலிருந்து பாதம் வரை இரும்புத் தூசி. முன்னறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரம்மா கையில் உருண்டையோடு எழுந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் வாசல் கதவு தட்டப்பட்டது. ரொட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தலைமயிர் ஒரு பக்கமாகப் படிந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, முகமே வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. காத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன், கண்ணசந்துட்டேன் போல. மெஷினை எப்ப போடப் போறீங்க?"

போட்டு முடிச்சாச்சுப்பா என்று நான்தான் சொன்னேன். எறும்பு அந்தக் கோணல் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே விம்மி விம்மி அழுதாள். கன்னத்தில் கறுப்பாக வழிந்தது. இந்தக் கை கிழிந்தபோதும், வேலையை விட்டுத் துரத்தினபோதும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ரொட்டிக்காரர் பயந்துபோனார். தான் தூங்கியதால்தான் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். வேணும்னா நாளைக்கு ஒரு நாள் முழிச்சிருந்து கேட்டுச் சொல்றேன், இன்னும் ஒரு நாள் மட்டும் தவணை கொடுங்க என்று வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்ச ஆரம்பித்தார்.

வீட்டுக்காரம்மா அவரையும் அவர் கையில் ஆறிக்கொண்டு வந்த புண்ணையும் பார்த்தாள். தன் விரல்கள் பதிந்திருந்த உருண்டையை எறும்பின் மடியில் வைத்தாள்.

"ஒண்ணும் வேணாம்பா" என்றாள். "நீ போய்த் தூங்கு."